உறவுப் பூட்டு

புயலில் சிக்கிய படகைத் தேட, அரசு செயற்கைக்கோளின் கேமராவைத் திருப்ப வேண்டும். பணியில் இருந்த பவுலின் தன் கைரேகையை வைத்ததும் திரை பூட்டிக்கொண்டது. படகில் இருந்தவன் அவள் தம்பி. சொந்தக்காரர்கள் தொட்டால் ஓரவஞ்சனை வந்துவிடுமாம். இந்தக் கட்டுப்பாட்டு அறையை வடிவமைத்தபோது அந்த விதியை எழுதியவளும் அவளேதான்.

பணியில் இன்னொருவர்தான் இருந்தார்.

"லியோன் சார், நீங்க திருப்புங்க. சீக்கிரம்!"

லியோன் கைரேகை வைத்தார். மறுபடியும் பூட்டு. 'உறவு: மாமனார்' என்றது திரை.

"உங்க பொண்ணுக்கும் தம்பிக்கும் இன்னும் கல்யாணமே ஆகலையே சார்!"

"போன ஞாயித்துக்கிழமை கோயில்ல ஃபாதர் கல்யாண ஓலை வாசிச்சு எல்லாருக்கும் அறிவிச்சாச்சேம்மா" என்றார்.

கேமரா திரும்பாமலே செயற்கைக்கோள் அந்தக் கடலைத் தாண்டியபோது லியோனின் போன் அடித்தது. மகள்தான்.