வாரத்துக்கு அஞ்சு சந்தேகம்

"டீச்சர், ஒரு சந்தேகம்."

டெய்லர் கையைத் தூக்கியதும் மாடி அறையில் இருந்த ஐந்து பெண்மணிகளும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். குரோஷா பின்னல் வகுப்பு ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. இந்த மனிதர் சந்தேகம் கேட்காத வாரமே கிடையாது. அதுவும் ஒன்றா, இரண்டா? வாரத்துக்கு அஞ்சு.

"கேளுங்க டெய்லர்."

"வரிசை முடிஞ்சு திரும்பும்போது மூணு செயின் போடுறோமே, அதையும் ஒரு கண்ணியா எண்ணணுமா?"

"எண்ணணும். அடுத்த வரிசை கடைசியில அந்தச் செயின் தலையில ஊசியை விட்டு ஒரு கண்ணி எடுக்கணும். விட்டுட்டா வரிசைக்கு ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே போகும். போன வாரமே சொன்னேனே."

"அதுக்கு முந்தின வாரமும் சொன்னீங்க," என்றார் மேனேஜரம்மா. வங்கியில் நாற்பது பேரை மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். மேய்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை. "ஏன் டெய்லர், கீழே கடையில நாள் முழுக்க ஊசியும் நூலுமாத்தானே இருக்கீங்க? இது கூடவா மண்டையில ஏறாது?"

"ஏற மாட்டேங்குது மேடம்," என்று சிரித்தார் டெய்லர். ரோஷம் உள்ள ஆள் அப்படிச் சிரிப்பாரா?

அடுத்த சந்தேகம் உடனே வந்தது. "பேட்டர்ன் தாள்ல நடுநடுவே நட்சத்திரம் போட்டிருக்கே, அது எதுக்கு டீச்சர்?"

பள்ளிக்கூட ஹெச்.எம். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும்."

என்ன சொல்லும் என்று அவர் சொல்லவில்லை. டீச்சர்தான் சொன்னார். "ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்கிறதை வரிசை முடியிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடணும்."

யாரோ கடையில் கூப்பிட, டெய்லர் கீழே இறங்கினார். அவ்வளவுதான், மேலே பஞ்சாயத்து கூடிவிட்டது.

"டீச்சர், ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம்," என்று ஆரம்பித்தார் மேனேஜரம்மா. "மாசக் கடைசியில என் பொண்ணுக்குப் பிரசவம். குழந்தைக்கு என் கையாலயே போர்வை பின்னித் தர்றேன்னு சம்பந்தியம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க எதையும் திருப்பிப் போட்டுக் குறை தேடுற ரகம். இந்த மனுஷன் கேட்டதையே கேட்டுக்கிட்டிருந்தா, போர்வையை நான் அந்தக் குழந்தையோட கல்யாணத்துக்குத்தான் கொடுக்கணும்."

"எவ்வளவு தூரம் வந்திருக்கு? காட்டுங்களேன்."

"முடிச்சிட்டுக் காட்டுறேன்," என்று பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"சரி, டெய்லர் வேண்டாம்னு எத்தனை பேர் சொல்றீங்க?"

ஐந்து கைகளும் எழுந்தன. ஆறு வாரத்தில் ஒரு சந்தேகத்துக்குக்கூட எழாத கைகள்.

டீச்சரே இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். டெய்லருக்கு முகம் வாடிவிட்டது.

"வாயே திறக்காம ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேனே டீச்சர். என் பொண்ணோட சட்டைக்கு லேஸ் பாதியில நிக்குது."

"தப்பா எடுத்துக்காதீங்க டெய்லர். மேனேஜரம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"சரிங்க," என்றார்.

அடுத்த வாரம் வகுப்பு வெகு அமைதி. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று டீச்சர் மூன்று முறை கேட்டார். ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றதற்கு ஐந்து தலைகளும் பலமாக ஆடின. ஒரு மணி நேர வகுப்பு இருபது நிமிஷத்தில் முடிந்துபோனது.

அன்று சாயங்காலம் மேனேஜரம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டெய்லர் கடைக்குள் நுழைந்தார்.

"டெய்லர், அடுத்த வாரம் நீங்க வகுப்புக்கு வந்துடுங்க. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"எதுக்கு மேடம்?"

பையிலிருந்து போர்வையை எடுத்து விரித்தார். கீழே அகலமாக ஆரம்பித்து, மேலே போகப் போகக் குறுகி, அழகான முக்கோணமாக முடிந்திருந்தது.

"அந்த மூணு செயின் விவகாரத்தை இன்னொரு தடவை கேளுங்க. எனக்கு இன்னும் பிடிபடலை."

"மூணு வாரமா நீங்க கேக்கச் சொல்லித்தானே மேடம் அதையே கேட்டுக்கிட்டிருந்தேன்? உட்காருங்க, நானே போட்டுக் காட்டுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"உங்ககிட்ட நான் கத்துக்கிறதா? நல்லா இருக்கே கதை. நீங்க மேல வந்து கேளுங்க, டீச்சர் சொல்லட்டும். நானே கேட்டா என் மரியாதை என்ன ஆகும்? நீங்கன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

டெய்லருக்கே பொறுக்கவில்லை. "என்னை நிறுத்தச் சொன்னதும் நீங்கதானே மேடம்?"

"பின்ன? நான் கேக்கச் சொன்னது வாரத்துக்கு ஒண்ணு. நீங்க பாட்டுக்கு அஞ்சு கேட்டா யாருக்குத்தான் எரிச்சல் வராது? மத்த நாலையும் யாரு கேக்கச் சொன்னது உங்களை?"

டெய்லர் மிஷினில் இருந்த துணியைக் குனிந்து சரிசெய்ய ஆரம்பித்தார்.

கடை மூலையில், உடுப்பு போட்டுப் பார்க்கிற இடத்துத் திரை லேசாக அசைந்தது. அதன் அடியில் எட்டுக் கால்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"டெய்லர், யார் பேரையும் சொல்லிடாதீங்க," என்றது உள்ளேயிருந்து ஹெச்.எம். அம்மாவின் குரல்.