இறங்குமுகக் கோடு

"ஒரு மாநிலத்தோட பொருளாதாரம் புரியாதவங்களுக்கு அங்க வேலை கேட்கவே தகுதி கிடையாது."

ஒரு கன்னத்தில் சவர நுரையும் மறு கன்னத்தில் அறிவுக்களையுமாக அத்தான் இதை அறிவித்தார். அவர் புள்ளிவிவரத் துறை அதிகாரி. தெருவில் அவருக்குப் பெயரே 'புள்ளிவிவரம்'தான், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் தங்கை பெருமூச்சு விட்டாள். பதினொரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். அந்த ஆஸ்பத்திரியை மூடி சோபா கடை ஆக்கிவிட்டார்கள். இரண்டு மாதமாக அவளுக்கு அக்கா வீட்டு சோபாவில்தான் படுக்கை.

"பக்கத்துத் தெரு மகளிர் மருத்துவமனையில ஆள் எடுக்கறாங்களாம் அத்தான்."

"அது மட்டும் வேண்டாம்."

நுரை தெறித்தது. அத்தான் போன மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஒரு கோடு போட்டார். மேலே கம்பீரமாக ஆரம்பித்த கோடு, வழுக்கிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தது.

"இது என்ன சொல்லு?"

"சறுக்குமரமா?"

"பிறப்பு விகிதம். வாடகை ஏறுது, விலைவாசி ஏறுது, குழந்தை குறையுது. படிச்சவன் எவன் இப்ப பெத்துக்கறான்? நம்ம வீட்டையே எடுத்துக்க. ஒண்ணோட நிறுத்திட்டோம், அவளும் காலேஜுக்குப் போயிட்டா. அதுதான் பொருளாதார அறிவு."

அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"அஞ்சு வருஷத்துல அதுவும் சோபா கடைதான். வளர்ச்சியெல்லாம் துறைமுக ஊர்லதான். அங்க ஒரு தொழிற்சாலையில முதலுதவி அறைக்கு ஆள் கேட்கறாங்க. பத்து மணி ரயிலுக்கு டிக்கெட்டே எடுத்துட்டேன்."

"நசுங்கின விரலுக்குக் கட்டுப் போடவா இத்தனை வருஷம் பிரசவம் பார்த்தேன்? குழந்தையோட முதல் அழுகை காதுல விழலைன்னா எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரியே இல்ல அத்தான்."

"பொருளாதாரத்துக்கு உணர்ச்சி கிடையாது."

அக்கா எட்டிப் பார்த்தாள். "அந்த ஆஸ்பத்திரியில மொத்தமே ரெண்டு நர்ஸுடி. பாவம், பம்பரமா சுத்தறாங்க. வர்றவங்களுக்கு உட்கார இடம்கூட இல்ல."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அந்த வழியா போறப்ப கண்ணுல படறதுதான்."

அத்தான் பலமாக இருமினார். நுரை வாய்க்குள் போய்விட்டதாம்.

தங்கை டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். அத்தான் வாசல்வரை வந்து கையசைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ரயில் நிலையத்துக்குத் தெருமுனையில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவள் வலதுபக்கம் திரும்பினாள்.

மகளிர் மருத்துவமனையில் ஒரு மணி நேரம் தன் அறையில் காக்க வைத்துவிட்டு வந்த தலைமை நர்ஸ், சான்றிதழ்களைப் புரட்டக்கூட இல்லை.

"இரட்டைப் பிரசவம் பார்த்திருக்கியா?"

"பதினாறு தடவை."

"எப்ப சேர்ற?"

தங்கை சான்றிதழ்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஆனாலும் மனது கேட்கவில்லை. "ஒரு சந்தேகம்மா. பிறப்பு விகிதம் இறங்குதாமே. இங்க வேலை நிலைக்குமா?"

தலைமை நர்ஸ் எழுந்து கதவைத் திறந்தார். வராந்தா முழுக்க வயிறுகள். பெஞ்சில், ஜன்னல் திண்டில், மாடிப்படியில்.

"உனக்குச் சொன்ன மகராசனை வந்து இதை எண்ணச் சொல்லு. பெட்டியை அந்த மூலையில வை. கையைக் கழுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு."

பதினொரு வருட அனுபவசாலி, முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே கையைக் கழுவினாள். மேலே இருந்த கோப்பை எடுத்து, "பதினாலு" என்று குரல் கொடுத்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தாள். பக்கத்தில் அவளுக்குக் காலண்டர் தாளால் விசிறிக்கொண்டிருந்தவர், நர்ஸைப் பார்த்ததும் அதே தாளால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோப்பில் நான்காம் மாதம் என்று எழுதியிருந்தது. இரட்டை என்றும் எழுதியிருந்தது.