அலசாத ஜாக்கெட்

"இந்தா, உன் செல்லக் குழந்தை. அம்பது மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போய் பத்திரமா கொண்டுவந்து சேர்த்துட்டேன்." சொட்டும் ஜாக்கெட்டை நாற்காலி முதுகில் தொங்கவிட்டான் கணவன். "நீ கேட்டபடி அலசக்கூட இல்ல. கடல்ல இருந்து ஏறினது ஏறினபடி."

அவள் தரையில் பழைய துணியை விரித்தாள். ஆழ்கடலில் இறங்குகிறவர்களுக்கான இந்த மிதவை ஜாக்கெட்டை வரைந்தவள் அவள். அதைப் போட்டு இறங்கிச் சோதித்துச் சொல்வது அதே கம்பெனியில் அவன் வேலை. உள்ளே இருக்கும் பையில் காற்றை நிரப்பினால் ஆள் மேலே வரலாம், விட்டால் கீழே போகலாம். இரண்டுக்கும் இரண்டு பட்டன். தள்ளித் தள்ளி வைத்திருந்தாள் அவள். பார்க்க அழகாக இல்லை என்று மேலாளர் அவற்றை அருகருகே மாற்றி வைத்துவிட்டார்.

"கையுறை போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டேன்."

"தடிச்சதா?"

"மெத்தை மாதிரி தடிச்சது. போதுமா?"

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் சிரித்தான். நாளை காலை இதே ஜாக்கெட்டோடு, மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலுக்குள் அவன் இறங்கப் போகிறான்.

"சேறு கலங்கிக் கண்ணு தெரியாதப்போ, விரல் விறைச்சிருக்கறப்போ, எது எந்தப் பட்டன்னு தெரிஞ்சுதா?" அவள் விடவில்லை. "காத்தை வெளியே விடறோம்னு நினைச்சு உள்ளே நிரப்பிட்டா, பந்து மாதிரி மேலே தூக்கி எறிஞ்சுடும். நுரையீரல் கிழிஞ்சுடும்."

"கேட்டியாடா தம்பி? குளியல் தொட்டியில கால் வைக்கவே யோசிக்கறவ, எனக்குக் கடல் பாடம் எடுக்கறா." அவன் நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் சுறா. அந்தப் பெயர் அவனுக்குப் பிடிக்கும். "சுறாவுக்கே நீச்சல் சொல்லித் தர்றாங்க உங்க அண்ணி."

"விடுண்ணே. பாவம் அண்ணி."

"என்ன பாவம்? இதே பட்டன் போன மாடல்லயும் இருந்துச்சே, ஒரு புகார் வந்திருக்கா?"

"புகார் சொல்ல உயிரோட மேலே வரணுமே," என்றாள் அவள்.

கொழுந்தனின் கை தட்டிலேயே நின்றது. கணவன் உரக்கச் சிரித்தான்.

"நாக்கு மட்டும் நல்லா மிதக்குது உனக்கு. மேலாளர்கிட்ட போன்லயே சொல்லிட்டேன், பிரமாதம்னு. இனிமே யார்கிட்டயாவது போய்க் குறை சொல்லி என் மானத்தை வாங்காதே. உன் பயத்துக்கெல்லாம் பட்டன் செய்ய முடியாது."

பல மாதங்களாக அவள் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. ஆபத்து பட்டனில் இருக்கிறதா, தன் மனதில் மட்டுமா? அலுவலகத்தில் அவள் வாயைத் திறந்தாலே, "ஆரம்பிச்சுட்டாங்க" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கணவனின் ஏளனம் எப்போதோ அவளுக்குள் குடியேறி, இப்போதெல்லாம் அவள் குரலிலேயே அவளோடு பேசத் தொடங்கியிருந்தது. பயந்தவள் கண்ணுக்கு எல்லாமே ஆபத்துதான் என்றது அது. இறங்கியவன் சொல்கிறான், இறங்காத உனக்கு என்ன தெரியும் என்றது.

ஒருவேளை அதுதான் உண்மையோ?

கொழுந்தன் கை கழுவிவிட்டு வந்து ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தான். "உள்ளே தண்ணி சலசலங்குதே அண்ணி. ஓட்டையா?"

"இல்ல தம்பி. காத்தை வெளியே விடும்போது, சுத்தி இருக்கற தண்ணி கொஞ்சம் உள்ளே புகுந்துடும். எல்லா ஜாக்கெட்லயும் அப்படித்தான். கொட்டிட்டுக் காய வைக்கணும்."

தரை நனையாமல் இருக்க ஒரு டம்ளரை அடியில் பிடித்துக்கொண்டு பையின் மூடியைத் திறந்தாள். அரை டம்ளர் தண்ணீர் இறங்கியது. அதை முகத்தருகே கொண்டுபோனாள். விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தாள். அவளுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றுபோனது.

"என்ன, அதுலயும் குறையா?" என்றான் கணவன்.

"சேச்சே." டம்ளரைக் கொழுந்தனிடம் நீட்டினாள். "நாளைக்கு இறங்கப் போறது நீங்கதானே தம்பி. ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

அவன் சிரித்துக்கொண்டே வைத்துப் பார்த்தான். மறுபடியும் வைத்துப் பார்த்தான். பிறகு மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினான்.

"துளிகூட உப்புக் கரிக்கலையேண்ணே... நீச்சல் குளத்து மருந்து வாடை அடிக்குதே?"