இன்னொரு வாட்டி

இடைவேளை விளக்கு எரிந்ததும் திரைக்கு முன்னால் இருந்த சின்ன மேடையில் கோவிந்தராசு ஏறி நின்று கும்பிட்டான். டாக்கீஸே எழுந்து நின்று விசிலடித்தது.

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அவன் பெண்டாட்டி காசியம்மாள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எக்கா, மாமாவுக்கு மால போடறாங்க பாரு! நீ என்னா இப்பிடிக் குந்தியிருக்கற?" என்று பூவாயி அவளை உலுக்கினாள். பூவாயி அவளோடு பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கிறவள். அழுது அழுது பூவாயிக்கு முகமே வீங்கிப்போயிருந்தது.

யார்தான் அழவில்லை? சற்று முன்னால்தான் படத்தில் அந்தக் குழந்தை செத்துப்போனது. பங்களா டிரைவராக வரும் கோவிந்தராசு, செத்த மகளின் காலை எடுத்து மடியில் வைத்து, தோள் துண்டால் உள்ளங்காலைத் துடைத்துத் துடைத்து, "கால் கழுவாம படுத்துட்டியே கண்ணு, கால் கழுவாம படுத்துட்டியே" என்று அரற்றினான். விருத்தாசலம் ஊரே அழுதது. முறுக்கு விற்கிறவன்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினான்.

காசியம்மாள் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தையில் கிடந்த படத்துக் குழந்தையின் காலில் ஒரு பொட்டு மண் இல்லை. பிறகு எதைத் துடைக்கிறான் இந்த மனுஷன்?

எதைத் துடைக்கிறான் என்று அந்த டாக்கீஸில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கோவிந்தராசு கட்டாத வேஷம் இல்லை. சேத்தியாத்தோப்பு, கருவேப்பிலங்குறிச்சி என்று ஊர் ஊராக நாடகம் போட்ட காலத்தில் ஒரே நாடகத்தில் போலீஸ்காரனாகவும் பூசாரியாகவும் பிள்ளைத்தாய்ச்சியாகவும் வருவான். மெட்ராஸுக்குப் போன பிறகு வக்கீல், குடிகாரன், பாதிரியார், கூன் விழுந்த கணக்குப்பிள்ளை. எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலத்தான் இருக்கும். ஆனாலும் பேர் மட்டும் கிடைக்காமல் இருந்தது. இந்த டிரைவர் வேஷம் அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டது. இப்போது சுவரொட்டியில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் இவன் முகம்.

வீட்டில் இருந்த தகப்பன் வேஷத்துக்குத்தான் கால்ஷீட் கொடுக்க முடியவில்லை.

"அண்ணே, அந்த கால் வசனம்!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

கோவிந்தராசு மைக்கைச் சரிசெய்துகொண்டான். துண்டை எடுத்தான். இல்லாத ஒரு காலை இடது கையில் ஏந்தினான். சொன்னான். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டுமோ அந்த இடத்தில் உடைந்தது.

பெண்கள் பக்கம் மறுபடியும் விம்மியது.

"ஒன்ஸ்மோர்!" என்றான் ஒருவன். அடுத்த நொடி டாக்கீஸ் முழுக்க அதையே கத்தியது.

காசியம்மாள் எழுந்தாள்.

போன வருஷம் மகள் வாசுகி, பள்ளிக்கூடம் விட்டு நேராகப் பட்டறைக்கு வந்து, வெள்ளைக் களிமண்ணை மிதித்து விளையாடினாள். கணுக்கால் வரை வெள்ளையாக வீட்டுக்கு வந்து, தலை வலிக்கிறது என்று அப்படியே பாயில் படுத்தாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. முந்தானையால் துடைக்கத் துடைக்க அந்தக் காலில் ஒட்டியிருந்த மண் போகவில்லை. காசியம்மாள் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

தந்தி கொடுத்தும் கோவிந்தராசு வரவில்லை. ஷூட்டிங். புதைத்த மண் காய்ந்த பிறகுதான் வந்தான். வந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் இல்லாம பூட்டேன். எப்பிடி அழுத காசி? ஒண்ணு வுடாம சொல்லு" என்றான்.

அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவள் எல்லாவற்றையும் சொன்னாள். காட்டுவதற்குப் பிள்ளை இல்லை. அவன் காலையே எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் துடைத்துக் காட்டினாள்.

அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றான்.

பெற்றவன், கடைசி முகம் பார்க்காத வேதனையைக் கேட்டாவது ஆற்றிக்கொள்கிறான் என்று அவள் நினைத்தாள். இன்னொரு வாட்டியும் சொன்னாள். இன்னொரு வாட்டியும் துடைத்தாள்.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

நடிகர் சம்சாரம் என்று கூட்டம் வழிவிட்டது. மேடையிலிருந்து அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தொடவில்லை.

"அன்னிக்கு உங்கிட்ட ஒண்ண மட்டும் நான் சொல்லல" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அதை அவன் கவனிக்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சட்டென்று குனிந்தான். சிரிப்புப் போய், அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது இருந்த அதே முகம் வந்தது.

"இன்னும் என்னா இருக்குது காசி? சொல்லு."

அவள் அவன் காலடியில் காறித் துப்பினாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. உள்ளே கூட்டம் இன்னும் ஒன்ஸ்மோர் கேட்டுக்கொண்டிருந்தது. அவனும் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

கண் மூடுகிற வரைக்கும் வாசுகி, "அப்பா வந்துடுச்சா, அப்பா வந்துடுச்சா" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். அதை மட்டும்தான் காசியம்மாள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டான் என்று நினைத்திருந்தாள்.