நெல்லளவு கீறல்

ஞானசௌந்தரி அப்பாவைத் திருடிக்கொண்டு வந்திருந்தாள். பீர்க்கன்கரணையில் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தவரைத் துணிப்பைக்குள் போட்டு, மேலே இரண்டு கட்டு முளைக்கீரையையும் வைத்து, பஸ் ஏறித் தாம்பரம் வந்து சேர்ந்துவிட்டாள்.

அப்பா என்றால் அப்பாவின் குரல். சாவதற்குச் சில நாள் முன் மவுண்ட் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் அவர் பேசிப் பதிந்த சின்ன இசைத்தட்டு. சௌந்தரிக்குக் கல்யாணமான அதே மாதம் அண்ணன் தயாளன்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தார். உலகத்தில் அந்த ஒரு தட்டுதான்.

வருஷா வருஷம் நினைவு நாள் ஜெபத்தில் அதைப் போடவேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. "கர்த்தாவே, தயாளனை ஆசீர்வதியும். பியூலாவை உம்முடைய சிறகின் கீழ் காத்தருளும்" என்று மூத்தவர்கள் இருவருக்காகவும் பெயர் சொல்லி வேண்டுவார். அடுத்துக் கடைக்குட்டியின் பெயர் வரவேண்டிய இடத்தில் முள் ஒரு துள்ளு துள்ளும். நேரே "ஆமென்" என்று முடிந்துவிடும்.

"உன் பேர்தாம்மா அங்க வருது. கீறல் விழுந்துபோச்சு" என்பார் அண்ணன். நாலு வருஷமாக இதே பதில்.

இத்தனைக்கும் தெருவில் யார் வீட்டு ரிக்கார்டு சிக்கிக்கொண்டாலும் சௌந்தரியிடம்தான் வரும். வளைந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நிமிர்த்துவாள். கீறலை மூங்கில் குச்சி முனையால் நீவிச் சரிபண்ணுவாள். அப்படிப்பட்டவளிடம் இதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றால்? "இருக்கறதும் போயிடும், தொடாதே" என்பார். திருடாமல் வேறென்ன செய்வாள்.

மணி நாலரை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒரு நெல் அகலத்துக்கு மங்கலாக ஒரு கோடு. அதன்மேல் நகத்தை ஓட்டினாள். கீறல் என்றால் நகம் உள்ளே இறங்கும். இங்கே மேடேறியது.

குச்சியால் மெல்ல நெம்பினாள். செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. மோந்து பார்த்தாள். மெழுகுவர்த்தி மெழுகு. வெள்ளை தெரியாமலிருக்க அதன்மேல் பூட் பாலிஷ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குக் கிளம்புமுன் உட்கார்ந்து ஷூ தேய்க்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

மாடம்பாக்கத்தில் அப்பா வாங்கிப்போட்ட இரண்டு கிரவுண்டு நிலம் அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. இப்போது அதில் அண்ணன் தென்னங்கன்று நட்டிருக்கிறார். அப்பா அதை அவளுக்கென்று சொல்லியிருப்பார், அதைத்தான் அண்ணன் மெழுகால் மூடியிருக்கிறார்.

இந்த அண்ணனா? சம்பத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றபோது, வேற்று மதம் என்று சபையே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இவர் ஒருத்தர்தான். "அப்பாவுக்குக் கால் வீக்கம், படி இறங்க முடியல. ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு" என்று அவள் தலையில் கைவைத்தவரும் இவர்தான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இதுதான்.

தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமலிருக்க அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டாள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சம்பத்தின் ஷேவிங் பிரஷ்ஷை நனைத்து, வரி போகும் போக்கிலேயே மிச்ச மெழுகையும் தேய்த்து எடுத்தாள். ஆறு மணி வண்டியில் சம்பத் வரட்டும். மச்சான் மச்சான் என்று உருகுகிறாரே, அவர் காதாலேயே கேட்கட்டும்.

வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம். அண்ணன். சட்டையெல்லாம் வேர்வை.

"பிளேட்டை எடுத்துட்டு வந்துட்டியா, சௌந்தரி?"

"ஆமா. அது கீறலே இல்லண்ணா. மெழுகு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நிலம் வேணும்னு கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே. அப்பா வாயால என் பேரை ஒரு தடவை கேக்க விடாம பண்ணிட்டீங்களே. நீங்கல்லாம் ஒரு அண்ணனா?"

"நிலத்தை நீயே எடுத்துக்க. அதைப் போடாதேம்மா."

"பயமா இருக்கா?"

"ஆமா" என்றார்.

அவள் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்துவிட்டாள்.

தயாளன் வந்தது. பியூலா வந்தது. முள் துள்ளவில்லை.

"ஞானசௌந்தரி" என்றார் அப்பா, கணீரென்று. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷம் காத்திருந்த பெயர் அல்லவா.

"ஞானசௌந்தரி என்று எனக்கு ஒரு மகள் கிடையாது. அவளும் அவளைக் கட்டிக்கொண்டவனும் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. ஆமென்."

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன்தான் எழுந்து போய் முள்ளைத் தூக்கி வைத்தார்.

"நிஜமாவே கீறிடலாம்னுதான் உக்காந்தேன். அப்பா குரலாச்சே, கை வரல" என்றார்.

ஸ்டேஷன் பக்கம் ஆறு மணி மின்சார ரயில் ஊதியது. சௌந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருந்தன.

"அவர் வர்றதுக்குள்ள ஊத்திடுங்கண்ணா."