வெள்ளைப் பூ வந்தால் மெட்ராஸ்

"சந்திரா கல்யாணத்துக்குன்னு வெச்சிருக்கற நஞ்சைதானே? அத வித்துட்டு பங்காருவ மெட்ராஸுக்கே அனுப்புங்க" என்றாள் ரத்தினம்மாள், தணிகை மலைப்படியில் மூச்சு வாங்க நின்றபடி.

அவள் புருஷன் சிவப்பிரகாசம் இன்னும் இரண்டு படி ஏறினார். அவர்கள் வீட்டிலேயே வளர்ந்த அவள் அண்ணன் மகன் பங்காரு எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாகத் தேறியிருந்தான். அதுதான் இப்போது தலைவலி.

திருப்பதியில் புதிதாக வந்திருக்கும் காலேஜ் கைக்கு அடக்கம். வாராவாரம் வீட்டுக்கு வந்து அரிசி கட்டிக்கொண்டு போகலாம். மெட்ராஸ் காலேஜோ பெயர் பெற்றது. அங்கே படித்தவன் கோட்டு மாட்டிக்கொண்டு பெரிய உத்தியோகத்தில் உட்காருவான். ஆனால் அந்தப் படிப்பு நஞ்சையைக் கிணற்றோடு சேர்த்து விழுங்கிவிடும்.

"விரலுக்கேத்த வீக்கம் வேணாமா?" என்றார்.

"மோதரம் போடற வெரலுங்க இது. கணக்குப் பாத்துகினு நிக்காதீங்க."

ஊரில் ஒருவர் விடாமல் கேட்டாயிற்று. ஆளுக்கொரு யோசனை சொல்லிக் குழப்பினார்கள். கடைசியில் முருகனையே கேட்டுவிடலாம் என்று பூக்கட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் திருப்பதி.

இரண்டையும் வாழையிலையில் மடித்து நாரால் கட்டி எடுத்து வந்தவள் மகள் சந்திரா. வழி நெடுக அவள் வாயே திறக்கவில்லை. அவளுக்கென்று வைத்த நிலமாயிற்றே, வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று சிவப்பிரகாசம் நினைத்துக்கொண்டார்.

"சாமி சொல்றபடி ஆவட்டும்" என்றான் பங்காரு. ஆனால் கீழே அரக்கோணம் பக்கம் போகிற ரயில் கூவியபோது அவன் கண் அங்கேதான் ஓடியது.

குருக்கள் பொட்டலங்களைச் சாமி பாதத்தில் வைத்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிவப்பிரகாசம் அதைப் பிரித்தார்.

செவ்வரளி.

பங்காரு விறுவிறுவென்று படியிறங்கினான். ரத்தினம்மாளும் பெருமூச்சு விட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள்.

நஞ்சை பிழைத்தது என்று சிவப்பிரகாசத்தின் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. அந்தக் கெட்டிக்காரப் பையனின் முகத்தை நினைத்ததும் துள்ளியதற்கு வெட்கப்பட்டது. நல்ல படிப்பைக் காசுக்குப் பயந்து கெடுத்துவிட்டோமோ? இல்லை, சாமியே சொன்னபிறகு நாம் யார்?

மற்றப் பொட்டலத்தையும் குருக்கள் அவரிடமே கொடுத்திருந்தார். பிரசாதப் பூவாயிற்றே, மகளுக்குக் கொடுக்கலாம் என்று நாரை இழுத்தார்.

"பிரிக்காத, நைனா!" என்று பதறினாள் சந்திரா.

அதற்குள் இலை விரிந்துவிட்டது. அதிலும் செவ்வரளி.

சிவப்பிரகாசம் இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமிகிட்டயே பொய்யா? நெலம் கை விட்டுப் போயிடும்னா இப்படிப் பண்ணே?"

சந்திரா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொட்டுப் பொட்டாகப் படியில் விழுந்தது.

"நெலம் போனா போவட்டும். மெட்ராஸுல படிச்சுட்டு வந்தா, பங்காரு பாவா என்னைக் கட்டிக்க மாட்டாரு, நைனா."