தொட்டிலில் கட்டிய அட்டை

அணு உலையில் வேலை பார்ப்பவன் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினான் என்பதைச் சட்டையில் மாட்டிய அட்டை குறித்துக்கொள்ளும். அளவு நிறைந்தால் வேலை போயிற்று. ஞானசிகாமணி கெட்டிக்காரன் அல்லவா, அட்டையை வீட்டில் மகளின் தொட்டில் கயிற்றில் கட்டிவிட்டான். ஒருநாள்கூட அதை உலைப் பக்கம் கொண்டுபோகவில்லை. தினமும் உலையிலிருந்து வந்த கையோடு மகளைத் தூக்கிக் கொஞ்சித் தொட்டிலில் போட்டு ஆட்டுவான்.

“இது என்ன தாயத்தா?” என்றாள் மனைவி சலோமி.

“ஆமா, வேல போகாம காக்குற தாயத்து.”

மூன்று மாதம் கழித்து அட்டையைச் சோதனைக்குக் கொடுத்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“என்னவே, உம்ம அளவு நிரம்பி வழியுது! இனி உள்ள விட முடியாது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையத் தூக்கிக் கொஞ்சிக்கிட்டு இரும்.”

ஞானசிகாமணி தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.